நெஞ்சுக்குள் ஒரு கட்டி

“அவங்களைப் பார்த்தாலே படபடக்குதா, இல்ல பக்கத்துல போனாதானா?”

“முட்டி போட்டு அவங்க காலைத் தொட்டாதான் டாக்டர். நெஞ்சு திம்திம்னு அடிக்குது, வேர்த்துக் கொட்டுது.”

டாக்டரம்மா பேனாவை மூடினார். “காலைத் தொடுற அளவுக்கு என்ன தப்பு பண்ணீங்க தம்பி?”

“ஐயோ, எனக்கு ஷூ கடையில வேலை!”

அவன் கடைக்கு எதிரே பூங்கொத்துக் கடை வைத்திருப்பவள் அவள். மூன்று மாதத்தில் ஐந்து ஜோடி வாங்கிவிட்டாள். ஐந்தும் லேஸ் வைத்தவை. “எனக்குக் கட்ட வராதுங்க” என்று காலை நீட்டுவாள். மற்றவர்கள் தாங்களே மாட்டிப் பார்த்துக்கொள்வார்கள். அவளுக்கு மட்டும்தான் அவன் தரைவரை குனிய வேண்டும்.

“காதல்தான்னு கடையில எல்லாரும் சொல்றாங்க டாக்டர்.”

அவர் ஸ்கேன் படத்தைத் திருப்பிக் காட்டினார். “இதயத்துலேர்ந்து கிளம்புற பெரிய குழாய் இது. ரத்தத்துல ஆக்ஸிஜன் சரியா இருக்கான்னு மோப்பம் பிடிக்கிற பொடி அணுக்கள் இதை ஒட்டி இருக்கும். உங்களுக்கு அது கட்டியா வளர்ந்திருக்கு. ரொம்ப அபூர்வம். குனிஞ்சா அமுங்குது, படபடப்பை அப்படியே ரத்தத்துல ஊத்துது.”

“அப்ப காதல் இல்லையா?”

“கட்டியை எடுத்துட்டுப் பார்ப்போம். அப்புறமும் மிச்சமிருந்தா, அது என் டிபார்ட்மென்ட் இல்ல.”

கத்திக்கு அவன் அவ்வளவாகப் பயப்படவில்லை. கண் விழிக்கும்போது அவள் வெறும் வாடிக்கையாளராகிவிட்டால் என்ன செய்வது என்றுதான் பயந்தான்.

கண் விழித்தபோது கட்டிலருகே மஞ்சள் பூங்கொத்து இருந்தது. அதன் ரிப்பன் முடிச்சு, இரண்டு இறக்கையும் ஒரே அளவில், பட்டாம்பூச்சி போல உட்கார்ந்திருந்தது. கூடவே ஒரு சீட்டு: ‘சீக்கிரம் வாங்க. என் லேஸ் அவிழ்ந்து கிடக்கு.’

இரண்டு மாதம் கழித்து அவன் வேலைக்குத் திரும்பிய அன்றே வந்து காலை நீட்டினாள். மெல்ல முட்டி போட்டான். நெஞ்சு சுவர்க் கடிகாரம் மாதிரி நிதானமாக அடித்தது. முடிச்சுப் போட்டான், அவிழ்த்தான், மறுபடி போட்டான்.

“என்ன, கை மறந்துடுச்சா?”

மறைக்கத் தெரியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். “உங்களாலதான் படபடக்குதுன்னு நினைச்சேன். கட்டியாலயாம். இப்ப ஒண்ணும் படபடக்கல. ஆனா எந்திரிக்க மனசு வரலங்க.”

அவள் குனிந்து இன்னொரு காலின் லேஸைக் கண் மூடித் திறப்பதற்குள் கட்டினாள். இரண்டு இறக்கையும் ஒரே அளவு.

அவன் வாயைப் பிளந்தான்.

“எனக்கும் ஆறு மாசமா அதே படபடப்புதான். பயந்துபோய், உங்க கடையில விசாரிச்சு, நேத்து உங்க டாக்டர்கிட்டயே ஸ்கேன் எடுத்துப் பார்த்தேன். கட்டி இல்லையாம்.”

“அப்ப?”

“கட்டிக்கிறீங்களா?”