என் கையில் சிக்கிய மூக்கு

கடைசியில ஒரு சிரிப்பு வெச்சிருக்கேன். இப்பவே கேட்டா தரமாட்டேன். முதல்ல ராஜசேகரன் அண்ணாத்தேயோட மூக்கைப் பத்திச் சொல்லியாகணும்.

ஆவடி குவார்ட்டர்ஸ்ல எங்களுக்கு அடுத்த வீடு அவருது. ராணுவ டாங்கு ஃபேக்டரியில வேலை. டூட்டி முடிஞ்சு வந்தா, சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடறதுக்குள்ள மூக்கு சமையல்கட்டுக்குள்ள போயிடும்.

"கஸ்தூரி, பருப்பு அடிபுடிக்குது!"

"கஸ்தூரி, எண்ணெ சிக்கு வாடை அடிக்குது, கீழ ஊத்து!"

"கஸ்தூரி, இந்தக் கருவாடு கெட்டுப் போச்சு, தூக்கிப் போடு!"

எங்க லைன் வீடு முழுக்கக் கேட்கும். இவ்வளவுக்கும் கஸ்தூரி அக்கா கைப்பக்குவம் பேர் போனது. ஆடி மாசம் பொன்னியம்மன் கூழுக்குக் கருவாட்டுக் குழம்பு வைக்கிறது எப்பவும் அவங்கதான்.

அந்தக் குரலை நான் அச்சு அசலா எடுப்பேன். ஸ்டேஷன்ல நிக்கிற கரி இன்ஜின், அங்கம்மா அக்காவோட குழாயடிச் சண்டை, சயின்ஸ் வாத்தியார் இருமல், எல்லாம் என் தொண்டையில உண்டு. ஆனா பொம்பளைங்க கேட்கிறது ஒண்ணே ஒண்ணுதான்.

"டேய் துலுக்கானம், அந்த மோப்ப நாய் மாதிரி பேசுடா!"

பேசுவேன். விழுந்து விழுந்து சிரிச்சிட்டு, "பாவம்டி கஸ்தூரி"ன்னு முடிப்பாங்க.

அந்தப் 'பாவம்' அக்காவோட தாய்வீடு இருக்கிற நசரத்பேட்டை வரைக்கும் போய்ச் சேர்ந்துடுச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை அக்காவோட அண்ணன் எத்திராஜ் வந்து நின்னாரு.

"இன்னா மாப்ளே, என் தங்கச்சி ஒனக்கு இன்னா கொறை வெச்சா? தெனம் இந்தக் கத்து கத்துறியாமே? கஸ்தூரி, கெளம்பு. நம்ம ஊட்டுக்குப் போலாம்."

"கத்தினது தப்புதான் மச்சான்." அண்ணாத்தே அதோட வாயை மூடிக்கிட்டாரு.

"நா வரலண்ணே" என்றாங்க அக்கா.

எத்திராஜ் கேட்கல. அவரே உள்ள போய் அக்காவோட தகரப் பெட்டியைத் தூக்கிட்டு வந்து வாசல்ல வெச்சாரு.

எனக்குக் குழப்பம். திட்டற ஆளு ஏன் கம்முனு நிக்கிறாரு? திட்டு வாங்கறவங்க ஏன் வரலைங்கிறாங்க?

சரி, வேடிக்கை காட்ட இதுதான் சமயம்னு நான் குதிச்சேன். அந்த வாரம்தான் வாத்தியார் இருமிக்கிட்டே சொல்லியிருந்தாரு: நாக்குக்குத் தெரிஞ்சது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு அவ்வளவுதான். மத்த ருசியெல்லாம் மூக்கு சொல்லிக் குடுக்கிறது. மூக்கைப் பிடிச்சிட்டா பேரிக்காய்க்கும் பச்சை உருளைக்கிழங்குக்கும் வித்தியாசம் தெரியாது.

"அண்ணே, பொறு. இவரு மூக்கு நெசமான மூக்கான்னு பாத்துடலாம். தோத்தாருன்னா பெட்டியத் தூக்கு!"

"ஆவட்டும்டா" என்றாரு எத்திராஜ்.

லைனே கூடிடுச்சு. துண்டால கண்ணைக் கட்டினேன். அண்ணாத்தே தடுக்கல. மூக்கை ரெண்டு விரலால இறுக்கிப் பிடிச்சிட்டு, ஒரு துண்டு உருளைக்கிழங்கை வாயில போட்டேன்.

"இன்னா அண்ணாத்தே இது?"

"பே... பேரிக்கா."

கொல்லுன்னு சிரிப்பு. அடுத்தது பேரிக்காய்.

"இது கெழங்கு."

அங்கம்மா அக்கா தரையில உக்காந்தே சிரிச்சாங்க. வாசல்ல பெட்டி பக்கத்துல நின்ன கஸ்தூரி அக்காவுக்குக்கூடச் சிரிப்பு வந்துடுச்சு.

அப்போ ஒரு வாடை வந்தது.

"யாரு ஊட்லடி தீயுது?" அங்கம்மா அக்கா எழுந்தாங்க. ஆளாளுக்கு அவங்கவங்க வீட்டுக்குள்ள ஓடினாங்க. "எங்க ஊட்ல இல்ல"ன்னு திரும்பி வந்தாங்க.

கஸ்தூரி அக்கா மட்டும் நகரல. அவங்க முதுகுக்குப் பின்னாடி, அவங்க வீட்டுக்குள்ள இருந்துதான் புகை வந்துக்கிட்டு இருந்தது. அவங்களும் நல்லா மூச்சை இழுத்தாங்க. "ஆமா, இன்னா வாடை! எதிர் ஊடு போலக் கீது" என்றாங்க.

எதிர் வீடு பூட்டிக் கிடந்தது.

எனக்கு ஒண்ணுமே புரியல. விளையாடறாங்களா? விரலை எடுக்கக்கூடத் தோணாம நின்னேன்.

அண்ணாத்தே என் கையைத் தட்டி விட்டாரு. ஒரே மூச்சுதான் இழுத்தாரு. கண்கட்டோடவே கத்தினாரு.

"கஸ்தூரி, பருப்பு!"

அக்கா உள்ள ஓடினாங்க. கருகின சட்டியோட வெளிய வந்தப்போ முகத்தை யார்கிட்டயும் காட்டல.

"விஷக் காய்ச்சல் வந்துச்சே, அதோட மோப்பம் போச்சுண்ணே. மல்லிப்பூவும் மண்ணெண்ணெயும் எனக்கு ஒண்ணுதான். உப்பு, புளி நாக்குல தெரியுது. மத்ததுக்கெல்லாம் இவருதான். வெளிய தெரிஞ்சா ஆடிக் கூழுக்கு என்னைக் கொழம்பு வைக்க வுடுவாங்களா? அதான், யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினேன்."

அப்பதான் எனக்கு உறைச்சது. உப்பு கம்மி, புளி ஜாஸ்தின்னு அவர் ஒரு நாளும் கத்தினதே இல்ல.

எத்திராஜ் பெட்டியைத் தூக்கி உள்ள கொண்டுபோய் வெச்சாரு.

"ஆடிக்கு நீதான்டி கொழம்பு வைக்கிறே. மோந்து பாக்க நா கூட நிக்கிறேன்" என்றாங்க அங்கம்மா அக்கா.

இருங்க, சிரிப்புக்கு வந்துட்டேன்.

மறுநாள் காலையில ஃபேக்டரி சங்கு ஊதி, அண்ணாத்தே போயாச்சு. நான் குழாயடியில பல் விளக்கிக்கிட்டு இருந்தேன். பக்கத்து ஜன்னல்ல இருந்து லேசா ஒரு கருகல் வாடை. தொண்டையைச் செருமிக்கிட்டேன்.

"கஸ்தூரி, பால் அடிபுடிக்குது!"

"தோ, எறக்கிட்டேங்க!"

பாத்திரம் இறங்கற சத்தம். அப்புறம் உள்ள அக்காவோட முணுமுணுப்பு.

"அவருதான் டூட்டிக்குப் போயிட்டாரே..."

ஜன்னல் படார்னு திறந்தது.

"டேய் துலுக்கானம்! மத்தியானம் கொழம்பு கொதிக்கறப்பவும் ஒரு கொரல் குடுடா!"