துபாய் கேசட்டின் முதல் பக்கம்

கேசட் ஓடத் தொடங்கி ஐந்து நிமிஷம் ஆகியும் மகன் வாயைத் திறக்கவில்லை.

வேறு எவனோ ஒருவன் இங்கிலீஷில் மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தான். பின்னால் கொட்டுச் சத்தம். பாட்டென்றால் ராகத்தைக் காணோம், பேச்சென்றால் கொட்டு எதற்கு?

அன்னமேரி டேப் ரெக்கார்டரின் மண்டையில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தாள். அவன் பாட்டுக்குப் பேசினான்.

சின்னக்கானல் தேயிலை எஸ்டேட் மூன்றாம் லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேர் அவள் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தார்கள், மீதிப் பேர் வாசலில் நின்றார்கள். துபாயில் ஹோட்டல் வேலை பார்க்கும் ஏசுரத்தினம் கடுதாசி எழுதுவதில்லை. கேசட்டில் பேசி, லீவில் வரும் மலையாளிகள் கையில் கொடுத்து அனுப்புவான். வந்தால் அன்னமேரி லயம் முழுக்க ஆள் விட்டுக் கூப்பிடுவாள். எல்லாருக்கும் பால் விடாத கட்டஞ்சாயா உண்டு.

இந்தத் தடவை அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவன் போய் மூன்று வருஷம் ஆகிறது. இந்த எழுபத்தொன்பது கிறிஸ்மஸுக்காவது வருகிறானா, இல்லையா? அது தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கேசட்டுக்காரன் அதைப் பற்றி ஒன்றும் சொல்வதாகத் தெரியவில்லை.

கல்யாண வீடுகளுக்கு ரேடியோ செட் கட்டும் சுடலைதான் முதலில் தீர்ப்புச் சொன்னான். பாட்டு விஷயத்தில் அவனுக்கு மேல் அங்கே கோர்ட்டு கிடையாது.

"பாடுறவன் வரல. கொட்டடிக்க வந்தவன் கூலி கேட்டு நிக்கான். சரி, என்ன செய்யன்னு கணக்கப்பிள்ளையக் கூப்பிட்டு வாசிக்க விட்டுட்டாக."

பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி ஒத்துக்கொள்ளவில்லை. இது குழாயடிச் சண்டை என்று அடித்துச் சொன்னாள். முதலில் பேசியவனுக்கு இப்போது இரண்டாமவன் பதில் கொடுக்கிறானாம். இரண்டாமவன் பக்கம்தான் நியாயமாம்.

யூனியன்காரன் மொக்கையன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

"போனஸ் கேக்கான். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. போனஸ் கேக்குற தொண்டை தெரியும்."

அன்னமேரிக்கு வேறு சந்தேகம். ஒருவன் சொல்கிறான், கூட்டம் சேர்ந்து பதில் சொல்கிறது. கோயிலில் மாதா பிரார்த்தனை அப்படித்தானே நடக்கும்? ஆனால் இவ்வளவு வேகமாகச் சொன்னால் மாதா எதைக் கேட்பாள், எதை விடுவாள்?

ஒருத்தருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை, அதுதான் வேடிக்கை. சுடலை தொடையில் தட்டிக்கொண்டிருந்தான். மொக்கையனின் குதிகால் தரையில் ஆடியது. யாரோ ஓடிப்போய் இரண்டாம் லயத்துக்காரர்களையும் கூட்டிவந்தார்கள்.

மருமகள் சந்தனமேரிக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. மழை இருட்டுகிறது, துணி காய்கிறது என்று வந்தவர்களுக்கெல்லாம் ஞாபகப்படுத்தினாள். சாயா டம்ளர்களைக் குடித்து முடிக்குமுன் பிடுங்கினாள். புருஷன் ஆசையாக அனுப்பியதை உட்கார்ந்து கேட்க வணக்கமில்லாத பெண் என்று அன்னமேரிக்கு எரிச்சலாக வந்தது.

பாட்டு டக்கென்று நின்றது. கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். அப்புறம் ஒரு பெண் குரல், ரகசியமாக.

"மச்சான், ஒங்கம்மா கோயிலுக்குப் போயிருக்காக. அதான் பேசுதேன்."

சந்தனமேரியின் குரல்.

போன தடவை இங்கிருந்து பேசி அனுப்பிய கேசட்டிலேயே அவன் இந்தப் பாட்டை ஏற்றியிருந்தான். பாட்டு முடிந்ததற்கு அப்புறம் இருந்த பழைய பேச்சு அழியாமல் கிடந்துவிட்டது. சந்தனமேரி பாய்ந்து வருவதற்குள் கேசட் மிச்சத்தையும் சொல்லிவிட்டது.

"நீங்க பேசி அனுப்பினா லயமே வந்து குத்தவச்சுக் கேக்கு. எனக்குன்னு ஒரு வார்த்த கெடையாது. அடுத்த தடவ மொதப் பக்கத்துல ஒருத்தருக்கும் புரியாததா எதையாச்சும் போட்டு விடுங்க. சனம் சலிச்சு எந்திரிச்சுப் போயிரும். எனக்குச் சொல்ல வேண்டியத மறுபக்கத்துல…"

கேசட் தீர்ந்து நின்றது.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. சந்தனமேரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அன்னமேரிக்கு முதலில் கோபம்தான் வந்தது. என் பிள்ளை பேச்சை நான் கேட்கக் கூடாதா? அப்புறம்தான் உறைத்தது. தாலி கட்டிய நாற்பதாம் நாள் பஸ் ஏறியவன் அவன். இந்த மூன்று வருஷத்தில் அந்தப் பெண் புருஷன் குரலை ஒரு தடவை கூடத் தனியாகக் கேட்டதில்லை. கேட்க விடாமல் செய்தது யார்? அன்னமேரிக்கு வெட்கமாகப் போய்விட்டது.

சுடலை கேசட்டைத் திருப்பிப் போடக் கை நீட்டினான். அவள் மெஷினைத் தூக்கி மருமகள் மடியில் வைத்தாள்.

"பேட்டரி செத்துப் போச்சு. எல்லாரும் போங்க."

பேட்டரி நேற்றுத்தான் புதிதாகப் போட்டது. போட்டவனே சுடலைதான். முதலில் எழுந்து போனவனும் அவன்தான்.

எல்லாரும் போனதும் அன்னமேரி வெளியே வந்து கதவைச் சாத்தினாள். உள்ளே டக்கென்று சத்தம். பிறகு மகனின் குரல், கம்மலாக. என்ன சொல்கிறான் என்று பிடிபடவில்லை. இரண்டடி நெருங்கிப் போனால் பிடிபட்டுவிடும். வருகிறானா இல்லையா என்று தெரிந்துவிடும்.

ஒரு அடி வைத்துவிட்டாள்.

பிறகு வாசலில் இருந்த குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடிக்கு நடந்தாள். நிறைகுடம் அது. வழியெல்லாம் தளும்பிச் சேலையை நனைத்தது.