பயந்தாங்கொள்ளி பாஸ்கோ

"கப்பலில் ஆளே இல்லை. ஆனால் மேஜைமேல் இருந்த சூப்பில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. பிழைத்து வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போது கீழ்த்தளக் கதவை உள்ளேயிருந்து யாரோ தட்டினார்கள்..."

வாத்தியார் ஹாஸ்கென் வாசித்து முடிக்கவில்லை. "ஐயோ, அம்மா" என்று ஓர் அலறல். பெஞ்சின் மேல் ஏறி நின்றவர் பாஸ்கோ.

மீனவர் வாசகசாலை குலுங்கிச் சிரித்தது.

பாஸ்கோ எங்கள் கார்ன்வால் கரையில் உயிர்காப்புப் படகின் தலைவர். வாசலில் நின்றால் வெளிச்சம் உள்ளே வராது, அப்படி ஓர் உடம்பு. ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிற புயலில் துடுப்புப் போட்டுப் போய், முழுகுகிற கப்பலிலிருந்து ஆட்களை அள்ளிக்கொண்டு வருவார். அப்பேர்ப்பட்ட மனிதர், சனிக்கிழமை மதியம் வாசிக்கிற பேய்க் கப்பல் நாவலுக்கு இந்தப் பாடு படுத்துகிறார்.

"இறங்குங்க மாமா, பெஞ்சு பாவம்" என்றான் டிகோரி.

"உனக்கென்னடா தெரியும்? கதவுக்குப் பின்னால யாருன்னு தெரியாம நான் இறங்க மாட்டேன்."

"நானும் அந்தக் கடல்லதானே கிடந்தேன்? என்னை எந்தப் பேயும் வந்து விசாரிக்கலையே."

டிகோரி கப்பல் உடைந்து பிழைத்தவன். போன குளிர்காலத்தில் அவனைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் போட்டதே பாஸ்கோதான். இப்போது மேட்டுத் தெருவில் செருப்புத் தைக்கிறான்.

"நான் தனியா வீட்டுக்குப் போக மாட்டேன். கூட வாடா."

"பட்டப்பகல்ல துணையா? சரி, மேட்டு வழியாப் போவோம்."

"அங்கே புதர் இருக்கு. புதருக்குப் பின்னால எவன் நிக்கிறானோ. துறை வழியாப் போனா வெட்டவெளி."

வாராவாரம் இதே கூத்துதான். டிகோரியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு பாஸ்கோ துறைமேடையில் நடப்பார். மத்தி மீனுக்கு உப்புப் போடும் பெண்கள், "பார்த்து டிகோரி, குழந்தை விழுந்துடப் போகுது" என்பார்கள். டிகோரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான்.

இந்தச் சிரிப்பு மாளிகைக்கும் எட்டியது. அங்கே குடியிருந்த படகுக் கமிட்டித் தலைவி கார்லியன் அம்மாள் வாசகசாலைக்கே வந்துவிட்டாள்.

"மிஸ்டர் பாஸ்கோ, கப்பல் உடைஞ்சவங்களைக் காப்பாத்த வேண்டியவர், கப்பல் உடைஞ்ச கதைக்கு நடுங்கலாமா? நாளைக்குப் புயல்ல உங்களை நம்பி யார் படகுல ஏறுவாங்க?"

"கடல்னா பயமில்லைங்கம்மா. புத்தகம்னாதான்."

"அடுத்த சனிக்கிழமை கடைசி அத்தியாயம்னு கேள்விப்பட்டேன். நானும் உட்கார்ந்து கேட்பேன். உங்க வாயிலேர்ந்து ஒரு சத்தம் வந்தாலும், படகுக் கொட்டகைச் சாவியை என்கிட்ட ஒப்படைச்சுடணும்."

சிரிப்பு அடங்கிவிட்டது. அந்தச் சாவி பாஸ்கோவுக்கு உயிர். அது போனால் மனிதர் அரை ஆளாகிவிடுவார் என்று எல்லோருக்கும் தெரியும்.

"மாமா, அன்னிக்கு ஒரு நாள் வாயை மூடிட்டு இருங்க. காதுல பஞ்சு வேணும்னா நான் கொண்டு வரேன்" என்றான் டிகோரி கவலையாக.

"பார்க்கலாம்டா."

அந்தச் சனிக்கிழமை படகுப் பயிற்சியும் இருந்தது. உயிர்காப்புப் படகு துறைப் படிக்கட்டின் கீழே தண்ணீரில் தயாராக நின்றது. வாசகசாலையில் எள் போட்டால் எள் விழாது. பாஸ்கோவின் மனைவி கெசியா, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள்.

நல்லவேளை, கதை நல்லபடியாகவே போனது. பேய்க் கப்பல் எரிந்து சாம்பலானது. பிழைத்தவர்கள் ஊர் திரும்பினார்கள். பாஸ்கோ மூச்சுக் காட்டவில்லை. டிகோரிக்கு அப்பாடா என்றிருந்தது.

வாத்தியார் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். "தேவாலய மணி ஒலித்தது. மணப்பெண் முகத்திரையை விலக்கிப் புன்னகைத்தாள்..."

"ஐயையோ" என்று அலறினார் பாஸ்கோ. இத்தனை வாரம் அலறியதெல்லாம் இதற்கு ஒத்திகை என்று சொல்ல வேண்டும். பெஞ்சைக் கவிழ்த்துக்கொண்டு வெளியே ஓடினார். படிக்கட்டில் தடதடவென்று இறங்கி, படகுக்குள் குப்புறப் படுத்துவிட்டார்.

"டிகோரி வந்து கையைப் பிடிச்சாத்தான் எழுந்திருப்பேன்."

கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே டிகோரி பின்னால் ஓடினான். "அது கல்யாணப் பொண்ணு மாமா, பேய் இல்லை. மானம் போகுது, எழுந்திருங்க." படியிறங்கி, படகில் குதித்து, அவர் தோளைப் பிடித்து உலுக்கினான்.

படகாட்கள் சத்தமில்லாமல் ஏறி அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். ஒருவன் கயிற்றை அவிழ்த்தான். துடுப்புகள் இறங்கின.

படகு துறையைத் தாண்டிய பிறகுதான் டிகோரி சுற்றுமுற்றும் பார்த்தான். அவன் சிரிப்பு சட்டென்று நின்றது. பாஸ்கோ எழுந்து உட்கார்ந்து, சுக்கானை அவன் கையில் கொடுத்தார். என்ன சொன்னாரோ தெரியாது. கொஞ்ச நேரத்தில் அவன் மறுபடி சிரித்தது கரைவரைக்கும் கேட்டது.

துறைமேடையில் கார்லியன் அம்மாள் கொதித்துக்கொண்டிருந்தாள். "கல்யாணப் பொண்ணைப் பார்த்து அலறுறவர் கையில படகா? சாவியைக் கொடு கெசியா" என்று கையை நீட்டினாள்.

கெசியா சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

"வேற என்னம்மா பண்ணுவார்? இன்னிக்குக் கடைசிப் பக்கம்வரைக்கும் ஒரு பேயும் வரலையே. கப்பல் உடைஞ்சதுலேர்ந்து தண்ணிப் பக்கமே எட்டிப் பார்க்காத பையனை, படாதபாடு பட்டுத் துறைவரைக்கும் நடக்க வச்சுட்டார். படகுல ஏத்தறதுதான் பாக்கி இருந்துச்சு. புத்தகம் இன்னியோட தீர்ந்துபோகுதே."

சாவிக்காக நீட்டிய கையை மேலே உயர்த்தி, படகைப் பார்த்து ஆட்டினாள் கார்லியன் அம்மாள்.