கிடங்கில் மிஞ்சிய விரிவுரை

அன்று கூடத்தில் இருந்தவர்கள் பேராசிரியர் தில்லைநாயகம், மனைவி கோமதி, அவர்கள் மகனுக்குப் பெண் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த பிறவிப்பெருமாள் ஆகிய மூவர்.

தொலைநிலைக் கல்விக் காணொளிக் கிடங்கு, ஒவ்வொரு பேராசிரியர் பேசியதிலும் வேறு எவரும் சொல்லாததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடும். தில்லைநாயகத்தின் ஆயுட்கால விரிவுரைகளில் மிஞ்சியதை அன்று தொலைக்காட்சியில் ஒளிபரப்பினார்கள். அவர் குடும்பப் பெருமை தெரிய நிமிர்ந்து நின்று பார்த்தார்.

திரையில் அவர் தோன்றினார். “கேமராக்காரரே, அந்த முறுக்குல எனக்கும் ரெண்டு வையும்” என்றார். மறைந்தார்.

“இம்புட்டுத்தானா?” என்றார் பிறவிப்பெருமாள்.

“வேற எந்தப் புரொபசர் இதைச் சொல்லிருக்காவ, அண்ணாச்சி?” என்றாள் கோமதி.

பிறவிப்பெருமாள் யோசித்தார். “அதுவும் சரிதான். பொண்ணைத் தாரேன். சீர் முறுக்கு ரெண்டு சட்டி கூடவே வச்சிருதேன்.”

தில்லைநாயகம் மயங்கி விழுந்தார் என்று தெருவில் பேசுவது பொய். அவர் உட்கார்ந்தார், நாற்காலி சற்றுத் தள்ளி இருந்தது.