கலைந்தது, கலைந்தனர்

மறுபடியும் அதே குரல். எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளதாம்.

பதினோராவது தடவை.

பெரியவர் கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்தார். திரை முழுக்கக் குழுவின் சிரிப்பு.

‘பிழையற எழுதுவோம்’ வாட்ஸ்அப் குழுவில் இருநூற்றுச் சொச்சம் பேர். பாதிப்பேர் ஓய்வுபெற்றவர்கள். எங்காவது ஓர் ஒற்று விடுபட்டால் போதும், கூடிவிடுவார்கள். இன்று மாட்டியது ஒரு தொலைக்காட்சியின் கீழ்வரி. தபால்துறையில் இருந்த ஜெயசீலன் அதைப் படமெடுத்துப் போட்டிருந்தார்.

‘தடியடி: பகுதிநேர ஆசிரியர்கள் கூட்டம் கலைந்தனர்.’

சகாயமேரி டீச்சர்தான் முதலில் பாய்ந்திருந்தார். “கூட்டம் கலைந்தது. அஃறிணை, ஒருமை. இதுகூடத் தெரியாம செய்தி போடுறாங்க.”

“அது எப்படி டீச்சர்? தடியோட வந்தவங்க ‘வந்தனர்’. அடி வாங்குனது மட்டும் ‘கலைந்தது’. நல்லா இருக்கு உங்க இலக்கணம்!”

“போலீஸ் படைன்னு எழுதுங்க சார். அதுவும் அஃறிணை ஆயிரும்.”

“தனித்தனியா ஓடுனா ஓடினர். சேர்ந்து ஓடுனா ஓடியது. எதுக்கும் நாம தனியாவே ஓடிக்குவோம்.”

விழுந்து விழுந்து சிரிக்கும் மஞ்சள் முகங்கள் வரிசை கட்டின.

ஜெயசீலன் எழுதினார்: “ஐயா வரட்டும். ஐயா சொன்னா அப்பீல் கிடையாது.”

ஐயா என்றால் இந்தப் பெரியவர்தான். ஒரு நாளிதழில் முப்பத்தொரு வருஷம் பிழை திருத்தியவர்.

படத்தைப் பெரிதாக்கினார். எழுத்தைக் கீழே தள்ளிவிட்டு மேலே பார்த்தார்.

புழுதி. ஓடும் முதுகுகள். ஓரமாக ஒரு பெண் மண்டியிட்டிருந்தாள். முகம் தெரியவில்லை. புடவை நீலமா, பச்சையா?

பூங்கோதை இன்று என்ன நிறம் கட்டிக்கொண்டு போனாள்?

அவருக்குத் தெரியவில்லை.

மகள் அரசுப் பள்ளியில் தையல் சொல்லித் தருகிறாள். பன்னிரண்டு வருஷமாகப் பகுதிநேரம். இன்று காலை ஆர்ப்பாட்டத்துக்குப் போக முதல் பேருந்துக்குக் கிளம்பும்போது ஓர் அட்டையை நீட்டினாள்.

“சரியா இருக்காப்பா?”

‘எங்களை பணி நிரந்தரம் செய்.’

பேனாவை எடுத்து ஒரு ‘ப்’ போட்டுக் கொடுத்தார். அட்டையைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை. சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை.

நானெல்லாம் ஒரு தகப்பன், என்று தன்னையே வைதுகொண்டார்.

குழு காத்திருந்தது.

‘கூட்டம் கலைந்தது என்பதே சரி’ என்று தட்டினார். இலக்கணப்படி அதுதான் சரி. மூன்று தலைமுறைப் பத்திரிகை உதவி ஆசிரியர்களிடம் சண்டை போட்டு நிலைநாட்டிய விதி.

அனுப்ப விரல் வரவில்லை.

ஒவ்வோர் எழுத்தாக அழித்தார். வேறு எழுதினார்.

‘அந்தக் கூட்டத்தில் என் மகள் இருக்கிறாள். போன் கிடைக்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.’

சிரிப்பு நின்றது.

ஜெயசீலன் தான் போட்ட படத்தை அழித்தார்.

பிறகு அவரே கேட்டார். “பேர் சொல்லுங்க ஐயா.”

‘ச. பூங்கோதை. தையல்’ என்று அனுப்பினார்.

சகாயமேரி டீச்சர் எழுதினார்: “போலீஸ் பிடிச்சவங்களை எல்லாம் கல்யாண மண்டபத்துல வச்சிருக்காங்களாம். அடிபட்டவங்க ஆஸ்பத்திரியில. அங்க யாரையும் உள்ள விடல. என் நாத்தனார் வீடு மண்டபத்துக்குப் பக்கத்துலதான். போய்ப் பாக்கச் சொல்லியிருக்கேன். தைரியமா இருங்கய்யா.”

தைரியமாக இல்லை. கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தார். தண்ணீர் எடுத்து வந்து, குடிக்காமல் வைத்தார்.

முக்கால் மணி நேரம் கழித்து ஒரு படம் வந்தது.

மண்டப வாசலில் ஒட்டியிருந்த தாள். உள்ளே இருப்பவர்களின் பட்டியல். அறுபத்துமூன்று பேர்.

விரலை வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்தார். யாரோ நிதானமாக எழுதியிருந்தார்கள். ஒரு புள்ளி விடவில்லை, ஒரு கொம்பு தப்பவில்லை. வேலையில் இருந்தபோது இப்படி ஒரு கையெழுத்துப் பிரதி வந்தால் அன்று முழுவதும் சந்தோஷமாக இருப்பார்.

நாற்பத்தோராவது பெயரில் விரல் நின்றது.

ச. பூங்கொடி. தையல்.

அறுபத்துமூன்று வரைக்கும் போனார். பூங்கோதை இல்லை. மேலிருந்து மறுபடி வந்தார். இல்லை.

“ஐயா, பேர் இருக்கா?” என்று குழுவில் ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவர் நாற்பத்தோராவது பெயரின் மேல் விரலை அழுத்தி வைத்துக்கொண்டு, இது பிழையாக இருக்கட்டும், பிழையாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தார்.