ஏழு சைபர்

கார்மேகம் அந்த நோட்டைக் கண்ணாடியின் வெளிப்பக்கம் ஒட்டிப் பிடித்தபடி, உள்ளே தரமாட்டேன் என்று நின்றான். பாதியாக மடித்திருந்தான். தெரிந்த பாதியில் இரண்டுக்குப் பின்னால் ஏழு சைபர்.

"துருக்கி நோட்டுதானே பாய்? ரூம்ல கோபாலசாமி சைபரை எண்ணிப் பாத்து ரெண்டு கோடின்னான். மெய்யா?"

கவுண்டருக்குள் இருந்த சாதிக் பாட்ஷா கண்ணாடிக்கு அருகே குனிந்து பார்த்தார். அபுதாபி முசஃபாவில் இந்த மணி எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்த நாள் முதல், பரிசு விழுந்ததாக ஏமாந்தவன், செல்லாத தினாரைக் கட்டிக்கொண்டு வந்தவன் என்று எத்தனையோ பேரைப் பார்த்தாகிவிட்டது. உண்மையைச் சொன்னதும் அவர்கள் முகம் போகும் போக்கு இருக்கிறதே, அதற்கு மட்டும் அவர் மனசு இன்னும் பழகவில்லை.

"உள்ள குடுங்க தம்பி, பாத்துச் சொல்றேன்."

"முதல்ல நீங்க சொல்லுங்க. இதுலதான் பாய் என் உசுரே இருக்கு." கார்மேகத்தின் தூக்கம் கெட்ட கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. "ஊர்ல இருக்கிற அரை ஏக்கரை வித்துடச் சொல்லி என் பொண்டாட்டி ராக்கம்மாவுக்குப் போன் போட்டுட்டேன். அவ ஒரே அழுகை."

பாவி மனுஷன்! கோடீஸ்வரனுக்கு அரை ஏக்கர் எதற்கு என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. எட்டாத பலாக்காயை நம்பிக் கையிலிருந்த களாக்காயையும் விட்டுவிட்டானே என்று சாதிக் பாட்ஷா நொந்துகொண்டார். இனி மறைப்பது பாவம்.

"தம்பி, மனசைத் திடப்படுத்திக்குங்க. துருக்கியில ஒரு டீ குடிச்சாலே லட்சக்கணக்குல குடுக்கணும். அங்க விலைவாசி அப்படி. வர்ற ஜனவரியில அரசாங்கமே ஆறு சைபரை வெட்டப் போகுது. இந்தச் சைபரை நம்பாதீங்க."

"அப்ப... இது எவ்வளவு பாய்?"

"ஐம்பது திர்ஹம்."

கார்மேகம் அப்படியே தரையில் உட்கார்ந்தான். முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். வரிசையில் நின்ற பாகிஸ்தான் பட்டாணியர் கூட, "க்யா ஹுவா பாய்?" என்று பதறிக் குனிந்தார்.

சாதிக் பாட்ஷா கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடிவந்தார். "எந்திரிங்க தம்பி. முதல்ல வீட்டுக்குப் போன் போட்டு, நிலத்தை விக்க வேணாம்னு சொல்லுங்க. ரெண்டு கோடியக் கனவுல பாத்ததா நினைச்சுக்குங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்த கார்மேகம், சட்டைப்பையிலிருந்து ஐம்பது திர்ஹத்தை எடுத்து அவர் கையில் திணித்தான்.

"இதே மாதிரி நல்ல நோட்டு ஒண்ணு குடுங்க பாய். லாண்டரிக்கு வந்த சட்டையில இருந்துச்சு, துருக்கி இன்ஜினியரோடது... இஸ்திரிப்பெட்டிய வெச்சுக் கருக்கிப்புட்டேன்!"