விஷத்துக்கு ஓட்டு

"எக்கேடோ கெட்டுப் போங்க!"

கிருஷ்ணவேணி போனைப் பார்த்துக் கத்தியதில் பக்கத்து மேஜை ஷீஜா பதறிவிட்டாள். "யாரோடயாக்கும் சேச்சி வழக்கு? வீட்டுக்காரரோடயா?"

"அவரு பாவம், நேத்து கூட்டுக்காரங்களோட பொன்முடி மலைக்குப் போயிட்டு வந்து உறங்குதாரு. இது ஃபேஸ்புக் குரூப்பு."

காளான் ஆராய்ச்சியில் அவளுக்கு இருபத்திரண்டு வருஷ அனுபவம். அந்தக் காளான் குழுவில் ஆபீஸுக்கும் தெரியாமல், வீட்டுக்கும் தெரியாமல், 'வனஜோதி' என்ற பெயரில் எட்டு வருஷமாகப் பதில் சொல்லி வந்தாள்.

காலையில் யாரோ பெயர் காட்டாமல் ஒரு படம் போட்டு, கறி வைக்கலாமா என்று கேட்டிருந்தார்கள். வெள்ளைக் காளான், தண்டில் வளையம், அடியில் கிண்ணம். "தொடாதீங்க, ஈரலை அழிச்சு ஆளையே கொன்னுடும்" என்று உடனே எழுதினாள்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். "எங்க அம்மச்சி ஆயுசு முழுக்கத் தின்ன கூன் காளானாக்கும் இது. சேச்சி புக்கு மட்டும்தான் திங்குமோ?" என்று ஷிபு என்பவன் எழுத, நூறு பேர் சிரித்துவைத்தார்கள். அட்மின் ஒரு படி மேலே போய் வாக்கெடுப்பே நடத்திவிட்டார். தின்னலாம் என்று ஐம்பத்திரண்டு பேர், கூடாது என்று அவள் ஒருத்தி.

விஷத்துக்கு ஓட்டா! அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுதிய பதிலை அழித்தாள், போட்ட ஓட்டையும் எடுத்தாள், குழுவை விட்டே வெளியேறினாள்.

"கேட்ட ஆளு பாவமில்லையா சேச்சி?"

"ஐம்பத்திரண்டு மேதைங்க இருக்காங்கல்ல, அவங்க பாத்துக்கட்டும்!"

மதியம் சாப்பிட வீட்டுக்குப் போனபோதும் கோபம் ஆறவில்லை. கணவர் தங்கப்பன் ஏப்பம் விட்டபடி கதவைத் திறந்தார். "பசி பொறுக்கல்ல வேணி, நான் ரெண்டு தடவை விளம்பித் தின்னாச்சு. உனக்கும் வச்சிருக்கேன்."

சட்டியைத் திறந்தாள். தேங்காய் வறுத்தரைத்த குழம்பில் வெள்ளைக் காளான், கிண்ணமும் வளையமுமாகக் கிடந்தது.

"யாருகிட்ட கேட்டு இதை வச்சீங்க?"

"உன்கிட்ட கேட்டா கடிச்சுத் தின்ன வருவ. அதான் பேரு காட்டாம ஒரு குரூப்பில கேட்டேன்." தங்கப்பன் பெருமையாகச் சிரித்தார். "வேண்டாம்னு ஒரே ஒரு பொம்பளதான் எழுதிச்சு, பின்னே அதுவும் அழிச்சிட்டுப் போயிட்டு!"